நெட்டை மரத்துத் தூக்கம்

குரும்பகரத்துக் கருப்பையன் தென்னை உச்சியில் மட்டைகளுக்கு நடுவே ஒரு மாதம் இறங்காமல் தூங்கினான். காரைக்காலில் அப்படி வேறு எவனும் தூங்கியதில்லை. சரி, ஒரு மாதம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு முற்பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உச்சியில் தூங்கினான் என்பதை ஊரே சொல்லும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவன் மர்செலின் தோப்பில் கள் இறக்கிக்கொண்டிருந்தான். மர்செல் பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியக்காரர். பிரெஞ்சு மரியாதைப்படி ஊருக்கு அவர் முசே. பாளை சீவ ஏறுகிற கருப்பையன், கலயத்தை இறக்குமுன் மேலேயே ஒரு வாய் குடிப்பான். அந்த ஒரு வாய் நாளடைவில் ஒரு கலயமாயிற்று. அப்புறம் கள் போதாமல் சாராயம். வரப்பு, வாய்க்கால் என்று பாராமல் விழுந்து கிடப்பான். எழுந்தால் நடந்தது எதுவும் நினைவிருக்காது.

ஒருநாள் அப்படி எழுந்தபோது, மனைவி அல்லியின் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது.

“என்னடி ஆச்சு?”

“கேக்குறாரு பாரு, ஒண்ணும் தெரியாத புள்ள மாதிரி! நீங்க முறுக்குனதுதான்.”

அன்றே அய்யனார் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். அதன் பிறகு குடிக்கவில்லை. தூக்கமும் அத்தோடு போயிற்று. கண்ணை மூடினால் தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. கோழி மண்ணைக் கிளறும் சத்தம்கூட மண்டையைப் பிளந்தது. ஒருநாள் அடைக்கோழியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். திரும்பி அல்லியைப் பார்த்தான். வெளியே போனான்.

தோப்போரத்தில்தான் குடிசை. காலுக்குத் தளைக்கயிறுகூட மாட்டாமல் நெட்டை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அதுவே தினப்படி வழக்கமாயிற்று.

“எறங்குடா கருப்பையா! சீவுறதையும் விட்டாச்சு, மேல என்னடா வேலை?” என்று முசே கீழிருந்து கத்துவார்.

“காத்து வருது முசே. இங்கதான் கண்ணு சொக்குது.”

“பாய் தலைவாணி அனுப்பட்டுமா? விழுந்து தொலைச்சீன்னா போலீசுக்கு நான்ல பதில் சொல்லணும்!”

“விழமாட்டேன் முசே. தொட்டில் மாதிரி ஆடுது.”

ஒரு முற்பகல் விழுந்தான். கண் அயர்ந்து கை நழுவியிருக்கும், தூக்கத்திலேயே உயிர் போனதால் வலி தெரிந்திருக்காது என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் கதையை அப்படியே முடித்து, எழுதியதை அல்லிக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“அங்கதான் தப்பு பண்றீங்கக்கா. அவரு தூங்கவே இல்ல. கீழ இருந்தா எம்மேல கை நீளுதுன்னுதான் மேல ஏறுனாரு. எறங்குறப்பல்லாம், ‘அல்லி, தாப்பா போட்டுக்க, எறங்குறேன்’னு கத்துவாரு. அன்னைக்கும் கத்துனாரு. தாப்பா போட்டுக்கிட்டு உள்ளதான் இருந்தேன். தொப்புன்னு சத்தம் கேட்டும், தொறக்க பயமா இருந்துச்சு.”