செல்போன் பார்த்த பிறை

ஆம்பூரில் இஷ்தியாக் அகமதுவிடம் சிக்கி, வானத்தைப் பார்க்காமல் தப்பித்தவர்கள் ரொம்பக் குறைவு. ஷூ கம்பெனியில் கட்டிங் மிஷின் ஓட்டுகிற மனுஷன், வேலை விட்டு வந்ததும் மாடிக்கு ஏறிவிடுவார். செல்போனை மேலே நீட்டினால் போதும், கேமராவில் தெரிகிற வானத்தின்மேல் கிரகமும் நட்சத்திரமும் பேரோடு வந்து நிற்கும். "அதோ வியாழன். சனி இப்ப உங்க காலுக்குக் கீழ" என்று தரையைக் காட்டுவார். மனைவி அஃப்ஸர் ஜஹான், "வானத்துல இருக்கறதெல்லாம் தெரியுது, வீட்டுல கேஸ் தீர்ந்தது மட்டும் தெரியல" என்பாள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்!

ரம்ஜான் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு தெருவே அவர் மாடியில் கூடிவிட்டது. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், இல்லாவிட்டால் இன்னொரு நோன்பு. மேற்கே மலைமேல் மேகம் அப்பிக் கிடந்தது. "உங்க போன்ல பாருங்க பாய்" என்று யாரோ சீண்டினார்கள். நீட்டினார். திரையில், மேகத்தின்மேல், நகம் கிள்ளிய மாதிரி ஒரு வெள்ளை வளைவு.

"பிறை! பிறை தெரிஞ்சிடுச்சு!" என்று கத்திவிட்டார்.

கத்தின பிறகுதான் போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மேகம்தான் இருந்தது. பிறையை வரைந்தது ஆப். அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் பக்கத்தில் நின்ற சமீருல்லா, பள்ளிக்கூட நாளிலிருந்து தோஸ்த், "ஆமா, நானும் பார்த்தேன்!" என்று துள்ளினான். கீழே பட்டாசு வெடித்தது. பெண் பிள்ளைகள் மருதாணிக்கு ஓடினார்கள். இத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் எப்படி வாயைத் திறப்பது? போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார் பாவி மனுஷன்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற அப்துல் ஹமீத் ஹஸ்ரத் சாட்சி கேட்டார். சாட்சி என்றால் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் சமீருல்லா. "கண்ணால பார்த்தேன் ஹஸ்ரத்" என்றான், கொஞ்சமும் தயங்காமல்.

இஷ்தியாக் அவனைத் திரும்பிப் பார்த்தார். இவன் எங்கே பிறையைப் பார்த்தான்? நண்பன் பார்த்தால் தானே பார்த்த மாதிரி என்று நம்புகிறவன், வேறென்ன! இப்போது உண்மையைச் சொன்னால் இவன் ஊர்முன் பொய்யன் ஆவான். சொல்லாவிட்டால், ஊர் முழுக்க நோன்பை விட்ட பாவம் தன் தலையில்.

"நீங்க சொல்லுங்க பாய். கண்ணால பார்த்தீங்களா?"

"இல்ல ஹஸ்ரத்." போனை எடுத்து முன்னால் வைத்தார். "போன்லதான் பார்த்தேன். மேகம் மறைச்சாலும் அது காட்டும்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஹஸ்ரத் சிரிக்கவில்லை, சமீருல்லா பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க பார்த்தது இன்னா?"

சமீருல்லாவின் முகம் கறுத்துப் போனது. எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான். அடுத்தவன் மானத்தை வாங்கிவிட்டோமே என்று இஷ்தியாக் அங்கேயே கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி இஷா தொழுகை முடிவதற்குள் வேறு ஊரில் பிறை பார்த்த தகவல் வந்துவிட்டது. மறுநாள் பெருநாள்தான். "பிறை நெசந்தானே, இன்னும் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு?" என்றாள் அஃப்ஸர் ஜஹான். காலையில் பெருநாள் தொழுகைக்குக் கூடின ஈத்கா மைதானத்தில் ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். "உங்க போன் கரெக்டு பாய்!" ஒவ்வொரு தட்டும் அவருக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சமீருல்லா வந்தான். வழக்கம்போல மூன்று முறை கட்டித் தழுவினான். விடும்போது மெல்லக் கேட்டான்:

"பக்கத்துலதானடா நின்னேன். மாடிலயே என் காதுல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

இஷ்தியாக் போட்டிருந்த புதுச் சட்டையின் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.