வோபர்னிலிருந்து ரெக்ஸ்டேலுக்கு: எங்கள் தீவின் கணக்கில் இல்லாத இருபத்தேழு வீடுகள்

இந்தப் பதிவில் வருபவை:

1. நான் எதற்காக ரெக்ஸ்டேலுக்குப் போனேன்
2. பாதை, நேரம், கட்டணம்
3. இருபத்தேழு வீடுகள் என் கவனக்குறைவால் விடுபட்டது
4. அங்கே பேசியது
5. இதேபோல் ஊர்க்கணக்கு எடுக்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள ஒரு சிறு தீவில் பிறந்தவன் நான். பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்பது வாசிக்கும்போது விளங்கும். தீவில் இப்போது இருப்பவர்களைவிட ரொறன்ரோவில் இருக்கும் தீவார் அதிகம் என்று எங்கள் ஆட்கள் ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் சொல்வார்கள். அது உண்மையா என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஊர்ச் சங்கம் ஒரு மலர் வெளியிட முடிவெடுத்தபோது, இங்குள்ள தீவு மக்களின் தொகைக் கணக்கை என்னிடம் ஒப்படைத்தார்கள். கொழும்பில் பதினொரு வருடம் புள்ளிவிபர வேலை பார்த்தவன். இப்போது வயது எழுபத்து நான்கு. நேரம் நிறைய உண்டு.

எட்டு மாதங்களில் நூற்று எண்பத்தாறு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். வயது, பால், பிறந்த இடம், இருக்கும் இடம் எல்லாம் கேட்டு எழுதினேன். முதியவர்கள் ரொறன்ரோவின் கிழக்கில் உள்ள ஸ்காபரோவில், பேரப்பிள்ளைகள் அதற்கும் அப்பால் அஜக்ஸில் என்பது அட்டவணையில் தெளிவாகத் தெரிந்தது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பெண்களே அதிகம். அவர்களில் பலர் தனியே இருக்கிறார்கள். செப்டெம்பர் மாதம் இந்த வலைப்பதிவில் அதை வெளியிட்டேன். கொஞ்சம் பெருமையோடுதான்.

அதன் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் சுதர்சினி என்ற பெண். "அங்கிள், எங்கட அம்மாவும் உங்கட தீவுதான். உங்களோட ஒரே வகுப்பில படிச்சவ. அவவின்ர பேர் ஏன் இல்லை? எங்கட ஆக்கள் இருபத்தேழு வீடு இஞ்ச இருக்கினம். ஒண்டும் உங்கட கணக்கில இல்லை."

எப்படி விடுபட்டது என்பதைச் சொல்ல வேண்டும். எண்ணத் தொடங்குவதற்கு ஓர் அடிப்படைப் பட்டியல் தேவை. எங்கள் அம்மன் கோயிலின் பத்துத் திருவிழாக்களும் குடும்பங்களுக்குப் பிரிக்கப்பட்டவை. இன்ன வீட்டார் மூன்றாம் திருவிழாக்காரர், இன்ன வீட்டார் ஏழாம் திருவிழாக்காரர் என்று சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் எண்ணினேன். படிவத்திலும் 'திருவிழா' என்று ஒரு கட்டம் போட்டேன். கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்குத் திருவிழா கிடையாது. என் சிறு வயதில் அவர்கள் கோயில் மதிலுக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டார்கள். அடிப்படைப் பட்டியலில் இல்லாதவர்கள் அட்டவணையிலும் இல்லாமல் போனார்கள்.

சங்கச் செயலாளரிடம் சொன்னேன். என்னைவிட இருபது வயது இளையவர், சுறுசுறுப்பானவர். "கடைசிப் பக்கத்தில பின்னிணைப்பாப் போடுவம் அண்ணை. மற்றப் பக்கமெல்லாம் முடிஞ்சுது" என்றார். நல்ல தீர்வு என்றுதான் எனக்கும் பட்டது.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடுபட்ட வீடுகளின் விபரம் எடுக்க, வோபர்னில் உள்ள என் வீட்டிலிருந்து நகரின் மேற்கு முனையில் ரெக்ஸ்டேலில் இருக்கும் சுதர்சினி வீட்டுக்குப் புறப்பட்டேன். காலை 9.12க்கு மார்க்கம் வீதியும் லோறன்ஸும் சந்திக்கும் இடத்தில் 102ஆம் இலக்க பஸ். 9.44க்கு வோர்டன் நிலையம். அங்கிருந்து சப்வேயில் கிப்ளிங்வரை நாற்பத்தாறு நிமிடம். இருக்கை கிடைத்தது, ஒன்பது மணிக்கு முன்னே போனால் முதுகில் பை மாட்டிய மாணவர்களோடு நிற்க வேண்டி வரலாம். கிப்ளிங்கில் 45ஆம் இலக்க பஸ். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று சாரதியிடம் இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் நான் எழும்பியபோது அந்தப் பஞ்சாபிக்காரர், "இருங்கள், உங்களை விட்டுவிட்டு நான் ஓட மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். 11.14க்கு இறங்கினேன். வரைபடத்தில் ஏறக்குறைய 35 கிலோமீற்றர். முதியவர் கட்டணம் 2 டொலர் 25 சதம். பயண அட்டையை முதலில் தட்டியதிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஏறினால் மறுபடி அறவிட மாட்டார்கள்.

பதினொராம் மாடி. கதவைத் திறந்தவர் சுதர்சினி. மருத்துவமனையில் வேலை, அன்று லீவு. அவருடைய அம்மா ராசமலர் சோபாவில் இருந்தார். அறுபது வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறேன். வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தவர் அவர். வாங்கில் இடமிருந்தும் தரையில் இருந்து படித்தவர். அப்போது அவரை 'நீ' என்றுதான் அழைத்தேன். இப்போது 'நீங்கள்' என்றபோது அவர் மகளைப் பார்த்தார்.

"வாத்தியார்ர மகன் எனக்கு நீங்கள் எண்டுறார், கேட்டனியே? கனடாவுக்கு வந்தது வீண் போகேல்லை."

சுதர்சினி தேநீர் கொண்டுவந்து வைத்தார். எனக்கு நீரிழிவு. சீனி போட்டிருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்துவிட்டேன். அரை நிமிடம் இருக்கும். ராசமலர் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டார் எவரும் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. கோப்பையை எடுத்து முழுவதையும் குடித்தேன். நல்ல இனிப்பு.

"இன்னும் வேணுமோ?" என்றார் ராசமலர்.

"எனக்குச் சலரோகம். அதுதான் யோசிச்சனான்."

"அதை வாயால சொல்லியிருக்கலாம்தானே. சுதா, அவருக்குச் சீனியில்லாமல் ஒண்டு போடு."

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். 'திருவிழா' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதில என்ன எழுதப் போறியள்?"

"அதை வெறுமையா விடலாம்."

"ஏன் விடுவான்? பதினொராம் திருவிழா எண்டு போடுங்கோ."

சுதர்சினி சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். பிறகு பின்னிணைப்பு விடயத்தைச் சொன்னேன். ராசமலர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசிப் பக்கமோ? அங்கயும் மதிலுக்கு வெளியில, இஞ்சயும் வெளியிலயோ? எழுத்து வரிசையில எல்லாரோடயும் போடுங்கோ. இருபத்தேழு வீட்டுப் பேரும் இப்பவே தாறன். இல்லையெண்டால் விடுங்கோ."

"கேட்டுச் சொல்லுறன்."

"இப்பவே கேளுங்கோவன். ஃபோன் உங்கட பொக்கற்றிலதானே கிடக்கு."

எடுத்தேன். என் காது மந்தம் என்பதால் பேரன் என் தொலைபேசியை ஒலிபெருக்கியில் பேசும்படி அமைத்து வைத்திருக்கிறான். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. செயலாளரின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"அண்ணை, எழுத்து வரிசையில போட்டால் ஆரின்ர பேருக்குப் பக்கத்தில ஆரின்ர பேர் வரும் எண்டு யோசிச்சனீங்களோ? எங்கட ஆக்கள் புத்தகத்தைக் கையால தொட மாட்டினம்."

நான் சொன்னது இதுதான்: "ஓம், அதுவும் சரிதான். பிறகு கதைக்கிறன்."

ராசமலர் படிவத்தை இரண்டாக மடித்து என் பக்கம் தள்ளினார். கோபமாகத் தெரியவில்லை. "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார். சீனியில்லாத கோப்பையைக் குடித்து முடிக்கும்வரை முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். வாசல்வரை வந்த சுதர்சினி மட்டும் தாழ்ந்த குரலில், "அங்கிள், யூ குட் ஹாவ் செட் சம்திங். ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம்" என்றார். 1.20க்குத் திரும்பும் பஸ். சப்வேயில் எங்கே இருந்தேன், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இல்லை.

மறுநாள் காலை செயலாளருக்கு எழுதினேன். நேரில் சொல்லத் துணிவில்லாததால் மின்னஞ்சல். இருநூற்றுப் பதின்மூன்று வீடுகளும் ஒரே எழுத்து வரிசையில் வர வேண்டும், திருவிழாக் கட்டம் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் என் அட்டவணை எதையும் மலரில் போட வேண்டாம் என்று எழுதினேன். பன்னிரண்டு நாள் ஆகிறது, பதில் இல்லை. செப்டெம்பர்ப் பதிவை நீக்கிவிட்டேன். சுதர்சினிக்கும் தெரிவித்தேன். "அம்மாட்டைச் சொல்லுறன்" என்று மட்டும் பதில் வந்தது. பெயர்கள் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம், கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

உங்கள் ஊர்க்கணக்கை எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு: நகரத்தின் குறுக்கே போய்வர ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கிப்ளிங் நிலையத்தில் கழிவறை உண்டு. வயதானவர்கள் அடுத்த பஸ்சுக்கு முன் அங்கே போய்விடுவது நல்லது. நீரிழிவு இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கோயில், சங்கம், பழைய மாணவர் என்று எந்தப் பட்டியலை அடிப்படையாக எடுத்தாலும், அதில் யாரைச் சேர்க்க மறுத்தார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். புள்ளிவிபரம் படித்த எனக்கு இதை யாரும் கற்றுத்தரத் தேவையிருக்கவில்லை.

அதனால் ஒரு திருத்தம். மேலே மூன்றாவதாகக் 'கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. பட்டியலை எடுத்த முதல் வாரத்திலேயே அதன் ஓரத்தில் "கிழக்குக் கரை?" என்று பென்சிலால் எழுதினேன். அந்த வீடுகளைத் தேடிப் பேசினால் எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். இரண்டு நாள் கழித்து ரப்பரால் அழித்தேன்.