சண்டிங் எஞ்சினில் இருந்த ஓட்டைகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் மூடிக் கிடக்கிற ஒரு தொழிற்சாலையில் முன்பு எஞ்சின் ஓட்டினவன் நான். சின்ன டீசல் எஞ்சின்தான். சரக்குப் பெட்டிகளை வளவுக்குள்ளிருந்து இழுத்துப்போய் பெரிய தண்டவாளத்தில் ரயிலோடு கொழுவிவிடுவது அதன் வேலை. சண்டிங் எஞ்சின் என்போம். கண்டாவளையிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் சைக்கிளில் என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சண்டை தொடங்கி, இடம்பெயர்ந்து, எல்லாம் முடிந்து வந்து பார்த்தபோது தண்டவாளமும் இல்லை, கூரையும் இல்லை. எஞ்சின் மட்டும் பற்றைக்குள் நின்றது. உள்ளிருந்த மெசினை யாரோ கழற்றிவிட்டார்கள். வெறும் கூடு. உடம்பெல்லாம் துவக்குச் சன்னம் துளைத்த ஓட்டைகள்.

போன வருஷம் அதைப் பழைய இரும்புக்கு வெட்டப்போவதாகக் கேள்விப்பட்டு, பழைய வேலையாட்கள் சிலபேர் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போய், வெட்டாமல் விடச்சொல்லிக் கேட்டோம். விட்டுத்தந்தார்கள். அதைத் திருத்தி, சனம் பார்க்க வீதியோரம் வைக்கிற பொறுப்பை உருத்திரபுரத்துப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்தார்கள். இளம் அதிகாரி. வெல்டிங் ஆள் தகட்டோடு வந்த அன்றைக்குத்தான் எங்களுக்குள் பிரச்சினை.

"ஐயா, ஓட்டையளை அடைக்கவேண்டாம். இங்க என்ன நடந்ததெண்டு பாக்க வாற சனத்துக்குத் தெரியவேணுமெல்லே?"

"நான் ஓடேக்க இதில ஒரு ஓட்டையும் இல்லைப் பிள்ளை. இது வேலை செய்த எஞ்சின். சண்டைக்குப் போன சாமானில்லை."

"ஓம் ஐயா. ஆனா சண்டை இதிட்ட வந்ததுதானே?"

கோபத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு சில நாட்கள் அந்தப் பக்கமே போகவில்லை. மனைவிதான் ஒருநாள் தேத்தண்ணியைத் தந்துவிட்டுச் சொன்னா: "குசினிச் சுவரில சன்னம் பட்ட ஓட்டையை இன்னும் நீங்கள் பூசேல்லை. எஞ்சினுக்கு மட்டும் என்ன அவசரம்?"

மறுநாள் போனேன். திறந்து கிடந்தால் மழைத் தண்ணி இறங்கி உள்ளுக்குத் துருப்பிடிக்கும் என்றேன். அதை அந்தப் பிள்ளையும் யோசித்திருக்கிறா. வெளியில் ஓட்டை தெரியட்டும், உட்பக்கத்தில் தகடு ஒட்டலாம் என்று முடிவெடுத்தோம்.

ஓட்டுகிற கதிரையில் ஏறி இருந்து பார்த்தேன். பின் தகட்டில், சரியாக என் தலை உயரத்தில் ஒரு ஓட்டை. கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இதை மட்டும் ரெண்டு பக்கமும் அடைச்சுவிடுங்கோ," என்றேன்.

வெல்டிங் ஆள் அதிகாரியைப் பார்த்தான். அவா தலையாட்டினா.

இப்போது பச்சைப் பூச்சோடு வீதியோரம் நிற்கிறது. அது ஓடாது. ஆட்கள் ஏறி இருந்து படம் எடுக்கிறார்கள்.