பேர் தெரியாத புத்தகம்

என்ன புத்தகம் படிக்கிறீங்கன்னு இந்த குரூப்புல எல்லாரும் போடுறதை மருமக வாசிச்சுக் காட்டினா. நான் சொல்லச் சொல்ல அவதான் இதை எழுதுறா.

இன்னிக்கு பதுளையில மருந்தெடுத்துட்டு, அலுத்துப்போய் மடுல்சீமை பஸ் ஏறினேன். பக்கத்துல ஒரு டீச்சர் கதைப் புத்தகத்தோட இருந்தாங்க.

"கண்ணாடியை மறந்துட்டேம்மா, கொஞ்சம் சத்தமா படிங்களேன்"னேன்.

படிச்சாங்க. மண்சரிவுல தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயமே போயிருது. மாரியாயின்னு ஒருத்தி புருஷனைத் தேடி மழையில கிளம்புறா. என் மூட்டுவலிகூட மறந்துபோச்சு.

பசறை வந்துருச்சு. டீச்சர் அட்டையைக் காட்டி, "இதுதான் பேரு. மிச்சத்தை வாங்கிப் படிங்கய்யா"ன்னு இறங்கிட்டாங்க.

நானும் பார்த்துத் தலையாட்டினேன். எங்கிட்ட கண்ணாடியும் இல்ல, எழுத்தும் தெரியாது.

கேட்டது அத்தனையும் வரி பிசகாம ஞாபகம் இருக்கு. புருஷன் கிடைச்சானா?

படிச்சவங்க சொல்லுங்க. விடிஞ்சா மருமக தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருவா. எழுதாதீங்க, வாய்ஸ்ல போடுங்க.