சாமி வந்துவிட்டது என்று நினைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தது இது. என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. கொடுத்தது நான்தான். பௌர்ணமிக் கூட்டத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஆள் குறைவான நாளாகப் பார்த்து, வேங்கிக்காலிலிருந்து ஆட்டோவில் அடி அண்ணாமலைக்குப் போனோம்.

காலையிலிருந்தே அவருக்குத் தலைவலி. கை நடுக்கம் ஒரு வாரமாகவே இருந்தது. உடம்பு தேற நாளாகும் என்று நானே முடிவு செய்துகொண்டு, டாக்டரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

இறங்கியதும் மலையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். "ரெண்டு மலை தெரியுது... ஒரே வெளிச்சமா இருக்கு" என்றார். கூப்பிட்டால், என்னைத் தெரியாதவர் போலப் பார்த்தார். ஏதேதோ பேசினார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "சாமி வந்திருக்கு, தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் ஒருவர். ஒரு அம்மாள் என் கணவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கைகூப்பினேன். அத்தனை மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த எனக்கு அதை நம்புவது சுலபமாக இருந்தது.

பக்கத்தில் எலுமிச்சை ஜூஸ் விற்றுக்கொண்டிருந்த பெண்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சாமியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கண்ணு ஒரு பக்கமா சொருகுது பாருங்க. எம் பொண்ணுக்கும் இப்படித்தான் வரும். வலிப்புங்க இது. இவரு என்ன மாத்திரை சாப்புடுறாரு?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் சரிந்தார். அந்தப் பெண் தாங்கிப் பிடித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தார். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தபோது தட்டிவிட்டார். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டதும் அவரே.

உடம்பு புதிய சிறுநீரகத்தை ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை ரத்தத்தில் அளவு மீறி, ரத்த அழுத்தமும் ஏறி, மூளையில் வீக்கம் வந்திருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். "நடுக்கம் வந்தப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றார் ஒருவர். மாத்திரையை மாற்றினார்கள். பத்து நாளில் பார்வை தெளிந்தது. சிறுநீரகமும் தப்பியது.

நன்றி சொல்லப் போனபோது அந்தப் பெண் என் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்ப ஒரு மலைதான தெரியுது?" என்று கேட்டுச் சிரித்தார்.

கும்பிடுவதை நான் விடவில்லை. ஆனால் அவர் உடம்பில் புதிதாக எது தெரிந்தாலும், அதற்கு நானாக ஓர் அர்த்தம் சொல்லிக்கொள்ளாமல் முதலில் டாக்டரைக் கேட்கும் பழக்கம் அந்தக் காலையில் வந்ததுதான்.