செம்பை இரும்பு என்று எழுதினேன்

நானும் அவளும் நெருங்கிய தோழிகள்; தேனியில் ஒரே கல்லூரியில் இயற்பியல் படித்தோம். அவள் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். என் வீட்டில் அனுமந்தன்பட்டியில் நெல் விவசாயம். படிப்பு முடிந்து நான் வெளியூருக்கு ஆராய்ச்சிக்குப் போனேன். அவள் தேனியிலேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிந்தாள்.

இருவருக்கும் ஒரே துறை. சில விண்மீன் மண்டலங்களின் நடுவில் பெரிய கருந்துளை இருக்கும். அதற்குள் வாயு விழும்போது எக்ஸ் கதிர்கள் கிளம்பும். அவை காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால், விண்வெளித் தொலைநோக்கிகள் பதிந்து வைத்த தரவை இறக்கித்தான் வேலை செய்வோம்.

அப்படி ஒரு படத்தின் ஓரத்தில் இருந்த மண்டலத்தின் நிறமாலையில் ஒரு கோட்டைக் கண்டேன். அதிவேகமாக நம்மை நோக்கி வருவதால் இடம் மாறித் தெரியும் இரும்பின் ஒளி என்று கட்டுரை எழுதினேன். அதை நம்பி அவள் தன் ஆய்வேட்டில் பாதியை எழுதினாள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது வேறு ஏதோ வேலைக்காக அந்தத் தரவைத் திறந்தேன். தொலைநோக்கிக் கருவியே உமிழும் ஒளியைக் கழிக்க, படத்தில் ஒன்றுமில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்போம். நான் எடுத்திருந்தது படத்தின் நடுப்பகுதி. கருவியில் அந்த இடத்துக்கு அடியில் உள்ள மின் அட்டையில் செம்பு கிடையாது, ஓரத்தில் உண்டு. ஓரத்திலேயே ஓர் இடத்தை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். கோடு இல்லை. அட்டையின் செம்பைத்தான் நான் இரும்பு என்று எழுதியிருந்தேன்.

அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு நிரந்தர வேலைக்கு நேர்காணல் வரவிருந்தது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரைதான் முதலில் இருந்தது. அது முடியட்டும் என்று மடிக்கணினியை மூடிவிட்டேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு இருவரும் போனோம். ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும்போது அவள் சொன்னாள்: "அடுத்த வாரம் தீசிஸைக் குடுக்கப் போறேன்டி. உன் பேப்பர் இல்லைன்னா இன்னும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

"நல்லா வரும்டி" என்றேன்.

ஆவணியில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. அதே வாரம் அவள் போன் செய்தாள். "எக்ஸாமினர் அந்தக் கோடு செம்பா இருக்குமோன்னு கேட்டிருக்காக. ஒருதடவை பாத்துச் சொல்றியா?"

பார்க்க ஒன்றுமில்லை. பஸ் ஏறிப் போடிக்குப் போய், அவள் வீட்டு மாடியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"பொங்கலுக்கு."

அவள் மாதங்களைக் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப வீரபாண்டியிலயே தெரியும்."

"தெரியும்."

"தப்பு யாருக்கும் வரும்டி. அங்கன நின்னுக்கிட்டு நல்லா வரும்னு சொன்னியே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

கட்டுரை வந்த ஆய்விதழுக்கு நான் திருத்தக் குறிப்பு எழுதி அனுப்பினேன், அது வெளியானது. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வேறு மண்டலங்களை எடுத்து இரண்டு அத்தியாயங்களைப் புதிதாக எழுதினாள். பட்டம் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது.

பட்டம் வந்தபோது வீட்டில் விருந்து வைத்து என்னையும் கூப்பிட்டார்கள். சாப்பிடும்போது அவள் அப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உன் தப்பை நீயே எழுதி ஒத்துக்கிட்டியாமே ஆத்தா. இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மனசு? எங்க பாஸ்டர்கிட்டகூடச் சொன்னேன், அவுகளும் பாராட்டினாக."

எனக்குத் தெரிந்தும் மறைத்த மாதங்களைப் பற்றி அவள் வீட்டில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் பக்கத்து இலைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இல்லப்பா, அப்படியெல்லாம் இல்ல" என்றேன். அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.