சபிதாவுக்கு ஒரு சால்வை

போன ஞாயிறு எங்கள் திண்டிவனத்துத் தெருவில் ஆடிக்கூழ். ஒரு நல்ல காரியம் செய்யப்போய், தெருவுக்கே கூழ் இல்லாமல் பண்ணப் பார்த்தேன்.

கோடி வீட்டில் இருப்பவள் சபிதா. ஒடிசாவிலிருந்து வந்தவள். கணவனுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. வந்து பல வருஷமாகிறது; பிள்ளை பிறந்ததே இங்கேதான். ஆனாலும் ஒவ்வோர் ஆடிக்கும் தெரு அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடும். வெளியூர்ப் பெண் என்று முதல் சொம்புக் கூழை அவள் கையில் கொடுக்கும். மரியாதைதான். ஆனால் மரியாதையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது?

போன வருஷம் எழுந்துவிட்டாள். யாரும் கூப்பிடாமலே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். விடுவார்களா? நாற்காலியைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டார்கள். அதன் மேல் கீரையை வைத்துக்கொண்டாள்!

இந்த வருஷம் நேராக அடுப்பிடம் போய் நின்றாள். கூழுக்குப் பொறுப்பு வசந்தாக்கா. அவர் கையிலிருந்து துடுப்பை வாங்குவது லேசுப்பட்ட விஷயமில்லை. கை வலிக்கும், போய் உட்காரும்மா என்றார். சபிதா நகரவில்லை. கடைசியில் வசந்தாக்காவுக்கே தோள் வலித்து, துடுப்பு கைமாறியது. நொய் வெந்து, கேப்பை மாவைக் கரைத்து ஊற்றியாயிற்று. இனி கை விடாமல் கிளற வேண்டும்.

அதைப் பார்த்து எனக்கு மனசு உருகிவிட்டது. உருகினால் நான் சும்மா இருப்பேனா? விழாக் கமிட்டியிடம் சொல்லி, சபிதாவுக்கு ஒரு சால்வை ஏற்பாடு பண்ணினேன். மைக்கில் கூப்பிட்டார்கள். தயங்கினாள். நான்தான் வா வா என்று கையை ஆட்டினேன். துடுப்பை அண்டாவில் சாய்த்துவிட்டு வந்தாள். போர்த்தி, கைதட்டி, போட்டோ எடுத்து... அதற்குள் தீய்ந்த வாசனை.

வசந்தாக்காவின் குரல் மைக்கை மிஞ்சியது.

"எங்கடி போன? கூழு அடி புடிச்சிக்கினு கீது, நீ அங்க போட்டோ புடிச்சிக்கினு கீற. ஜல்தி வா. அடியத் தொடாத, மேலாக்க மொண்டு வேற அண்டாவுல ஊத்து."

சபிதா ஓடினாள். சால்வையை உருவி, நாலாக மடித்து, கொதிக்கும் அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு மேல்கூழை மொண்டு ஊற்றினாள். கூழ் பிழைத்தது. சால்வைதான் கரியானது.

எனக்கோ ஒரே சங்கடம். எல்லோரும் குடித்து முடித்ததும் அவளிடம் போய், வசந்தாக்கா பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"திட்டுனாங்க சார். இத்தினி வருசத்துல இந்தத் தெருவுல யாருமே என்னத் திட்டுனதில்ல. அடுத்த ஆடிக்கும் நான்தான் கிளறுவேன். நடுவுல நீங்க கூப்புடாதீங்க."

வாஸ்தவம்தானே? நம் வீட்டு விசேஷத்தில் நம் ஆட்களுக்கு வேலையும் வசவும்தான். நாற்காலியெல்லாம் வெளியாட்களுக்கு.

இதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் பிறந்தது இதே தெருவில். காலையிலிருந்து எனக்கும் ஒரு நாற்காலி போட்டு, "நீங்க உக்காருங்க சார்" என்று உட்கார வைத்திருந்தார்கள். கூழ் தீய்ந்ததே என்னால்தான்...

என்னை ஒருத்தரும் திட்டவில்லை!